அல்லி கொடுத்த கணக்கு

கோவில்பத்து, காரைக்கால்
12.6.2025

அல்லி,

கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிவிட்டது. அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பழகிய கை. மேலே 'பொருள்', 'பார்வை' என்று போட்டுவிடாமல் இருக்கப் பாடுபடுகிறேன். நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் உன் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறம்தான் தெரிகிறது. நேற்று உன் அப்பா எடுத்தார். நாற்றங்காலில் நின்றார் போலிருக்கிறது, பின்னால் டிராக்டர் சத்தம். "மாப்ள, எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பச் சொல்றா. நா நடுவுல வரலைங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

நடந்தது என்ன? ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்திருந்தார்கள். நீ குழம்பு ஊற்றிக்கொண்டே, திருச்சியில் கணித ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிட்டது, ஜூலை கடைசியில் சேர வேண்டும் என்றாய். எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணன் ஏதோ கேட்டார், நான் ஏதோ சொன்னேன், சிரித்தோம். மறுநாள் காலையில் நீ பையை எடுத்துக்கொண்டு அம்பகரத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாய். திருச்சிக்குப் போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வேடிக்கைப் பேச்சுக்கு இவ்வளவு தூரம் வேண்டுமா?

வீடு நன்றாக இருக்கிறது. நானே சமைத்துக்கொள்கிறேன், பருப்பு மட்டும் வேகமாட்டேன் என்கிறது. என்றைக்கு வருகிறாய் என்று எழுது. வண்டியோடு வந்து நிற்கிறேன்.

மாறன்


அம்பகரத்தூர்
15.6.2025

திரு. மாறன் அவர்களுக்கு,

'ஏதோ சொன்னேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏதோ எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உங்கள் அண்ணன் என்னைப் பார்த்து, "திருச்சியில போயி என்னம்மா பண்ணப் போற?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பதில் சொன்னீர்கள். "எக்ஸ கண்டுபிடி, ஒய்ய கண்டுபிடின்னு இருக்கும்ணே. கல்யாணம் ஆன நாளா தேடுறா, இன்னும் கெடைக்கல." அண்ணி சிரித்தார். நானும்தான் சிரித்தேன். கையில் கரண்டி இருந்தது, வேறென்ன செய்ய?

நீங்கள் என்னைத் தடுக்கவில்லை, உண்மைதான். தடுத்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். நான் என்ன படிக்கிறேன் என்று இத்தனை வருடத்தில் நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அன்றைக்குச் சோற்றுத் தட்டுக்கு முன்னால்தான் எனக்கு உறைத்தது. உங்கள் அலுவலகத்தில் ஒரு பென்ஷன் விதி மாறினால் எனக்கு அரை மணி நேரம் விளக்குவீர்கள். நான் கேட்பேன். பிடித்துத்தான் கேட்பேன்.

ஆகவே ஒரு நிபந்தனை. என் படிப்பிலிருந்து ஒரே ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படிப்பதுதான். பெயர், உட்படு சார்பு வகையிடல். கடைசியில் ஒரு கணக்கு கொடுப்பேன். அதைச் செய்து, வந்த விடை என்ன சொல்கிறது என்று உங்கள் வார்த்தையில் எழுத வேண்டும். ஜூலை 28 திங்கட்கிழமை நான் திருச்சியில் சேருகிறேன். அதில் மாற்றமில்லை. கோவில்பத்திலிருந்து புறப்படுகிறேனா, அம்பகரத்தூரிலிருந்தா என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

போனில் பேச மாட்டேன். நீங்கள் சிரிக்கவைத்தே தப்பித்துவிடுவீர்கள். கணக்கை எழுதித்தான் காட்ட முடியும்.

பி.காமில் வணிகக் கணிதம் படித்தவர் நீங்கள். x கொஞ்சம் நகரும்போது y எந்த வீதத்தில் மாறுகிறது என்பதுதான் dy/dx. படம் வரைந்தால் அந்த இடத்தில் கோட்டின் சாய்வு. x²-க்கு அது 2x என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது சங்கிலி விதி. (3x + 1)² இருக்கிறது. முதலில் வெளியே இருக்கும் வர்க்கத்தை வகையிடுங்கள்: 2(3x + 1). பிறகு உள்ளே இருப்பதை வகையிடுங்கள்: 3. இரண்டையும் பெருக்கினால் 6(3x + 1). x நகர்ந்தால் உள்ளே இருப்பது நகர்கிறது, அது நகர்ந்தால் வர்க்கம் நகர்கிறது. ஒன்று அடுத்ததை இழுக்கிறது, அவ்வளவுதான்.

x² + y² = 25. இது ஒரு வட்டம். இதற்கு dy/dx கண்டுபிடித்து அனுப்புங்கள்.

பருப்பைக் கொஞ்ச நேரம் ஊறவைத்துப் போடுங்கள்.

அல்லி


கோவில்பத்து
20.6.2025

அன்புள்ள ஆசிரியைக்கு,

நிபந்தனையை ஏற்றுக்கொண்டேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வருவது எனக்கு வராதா? பாரதியார் சாலைக் கடையில் கணக்குப் புத்தகம் வாங்கினேன். "பையன் எந்த ஸ்கூலுங்க?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத்தான் என்றேன். சிரிக்காமல் பில் போட்டார், நல்ல மனிதர்.

மதிய இடைவேளையில் உட்கார்ந்து செய்தேன். முதலில் 2x + 2y = 0 என்று வந்தது. அதில் dy/dx எங்கேயும் இல்லை. தலைகீழாகப் பார்த்தும் இல்லை. சரி, நமக்குத் தெரிந்த வழியில் போவோம் என்று y-ஐத் தனியாகப் பிரித்தேன். y = √(25 − x²). பிறகு உன் சங்கிலி விதி: வெளியே வர்க்கமூலம், உள்ளே 25 − x². விடை −x/√(25 − x²). எங்கள் கண்காணிப்பாளர் சித்திக்கா மேடம் அந்தக் காலத்தில் பி.எஸ்சி. கணிதம் படித்தவர் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "வகையிட்டது சரியாத்தான் வாப்பா இருக்கு" என்றார். அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்று போய்விட்டார்.

ஆக, y-ஐப் பிரித்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு உட்படு, வெளிப்படு என்று தனியாக ஒரு பாடம் எதற்கு? அடுத்த கணக்கை அனுப்பு. இந்த வேகத்தில் போனால் ஜூன் முடிவதற்குள் நீ வீட்டில் இருப்பாய்.

பருப்பு வெந்துவிட்டது.

மாறன்


அம்பகரத்தூர்
23.6.2025

மாறன் அவர்களுக்கு,

சங்கிலி விதியைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். வர்க்கமூலத்தை வகையிடுவது எளிதில்லை. என் டியூஷன் பிள்ளைகள் பாதிப் பேர் அதில் தடுக்கி விழுவார்கள். பாராட்டு இத்தோடு முடிந்தது.

2x + 2y = 0 என்று எழுதினீர்களே, அங்கேதான் பாடம் இருக்கிறது. நாம் நகர்த்துவது x-ஐ. x²-க்கு 2x, சரி. ஆனால் y² என்பதில் வெளியே வர்க்கம், உள்ளே y. அந்த y தன் இஷ்டத்துக்கு நிற்கவில்லை. x நகரும்போது வட்டத்தை விட்டு விலகாமல் இருக்க அதுவும் நகர்ந்தாக வேண்டும். எவ்வளவு நகர்கிறது என்று நமக்கு இன்னும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? அதற்குப் பெயர் dy/dx என்று எழுதி வைத்துக்கொள்கிறோம். சங்கிலி விதிப்படி வெளியே 2y, உள்ளே dy/dx. ஆக 2x + 2y·dy/dx = 0. இதிலிருந்து dy/dx = −x/y. தெரியாத ஒன்றைத் தெரியாததாகவே எழுதிக்கொண்டு மேலே போகலாம் என்பதுதான் இந்த முறையின் தைரியம்.

இப்போது உங்கள் வழி. x = 3 என்ற இடத்தில் வட்டத்துக்கு இரண்டு புள்ளிகள் உண்டு. மேலே (3, 4), கீழே (3, −4). வட்டத்தை வரைந்து பாருங்கள். மேலே கோடு இறங்குகிறது, சாய்வு −3/4. கீழே ஏறுகிறது, 3/4. −x/y இரண்டையும் சரியாகச் சொல்லும். உங்கள் விடையில் x மட்டும்தான் இருக்கிறது, அதனால் இரண்டு இடத்துக்கும் −3/4 என்றே சொல்லும். வர்க்கமூலம் எடுத்தபோது மிகைக் குறியை மட்டும் எடுத்தீர்கள். வட்டத்தின் கீழ்ப்பாதி காணாமல் போய்விட்டது. மேடம் அதைச் சொல்லாமல் போனது நல்லதுதான். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

y-ஐப் பிரித்தால் முடிந்தது என்றீர்கள் அல்லவா? இதைப் பிரித்துப் பாருங்கள்: x³ + y³ = 6xy. முடியவில்லை என்றால் பிரிக்காமலே வகையிட்டு, (3, 3) என்ற புள்ளியில் சாய்வு என்ன என்று அனுப்புங்கள்.

கால்வாயில் தண்ணீர் இன்னும் வந்துசேரவில்லை. அப்பா காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். கோவிலுக்குப் போனால் எல்லோரும் என்னை ஏறிட்டுப் பார்க்கிறார்கள். ஆடிக்குத்தானே பெண்ணை அழைத்து வருவார்கள், இவள் அதற்கு முன்பே வந்துவிட்டாளே என்று.

அல்லி


கோவில்பத்து
30.6.2025

அல்லி,

இந்தக் கடிதத்தில் வேடிக்கை இல்லை.

நேற்று உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா நாற்காலி போட்டார், உன் அம்மா டீ கொடுத்தார், இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். நீ உள்ளே இருக்கிறாய் என்று மூன்று பேருக்கும் தெரியும். உன் செருப்பு வாசலில் கிடந்தது. டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன். என் கல்யாணத்தில் எனக்கு மாலை எடுத்துக் கொடுத்தவர் உன் அப்பா. அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாய்.

கணக்கும் வரவில்லை. y-ஐப் பிரிக்க முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நீ சொன்ன மாதிரி பிரிக்காமல் செய்தேன். இடப்பக்கம் 3x² + 3y²·dy/dx. வலப்பக்கம் 6xy, அதற்கு 6y. (3, 3)-ல் போட்டால் −1/3 வருகிறது. இதே கணக்கு புத்தகத்திலும் இருக்கிறது, பின்னால் விடை −1 என்று போட்டிருக்கிறது. எத்தனை தடவை செய்தாலும் −1/3 தான். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டைப்பிஸ்ட் எனக்கு 'ஒய் சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

வட்டம், பாதி காணாமல் போய்விட்டது என்றெல்லாம் எழுதுகிறாயே, அதில் வேறு ஏதாவது அர்த்தம் வைத்திருக்கிறாயா? இருந்தால் நேராகச் சொல். நான் உன்னை மதிக்கவில்லை என்று நினைக்கிறாய். மதிக்காதவன் மதியம் சாப்பிடாமல் கணக்குப் போடுவானா? முடியாது என்று தெரிந்தே ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு நான் தோற்பதை வேடிக்கை பார்க்கிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செய்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இனிமேல் செய்வதாக இல்லை.

மாறன்


அம்பகரத்தூர்
3.7.2025

என்னங்க,

வட்டம் என்றால் வட்டம்தான். வேறு அர்த்தம் எதுவும் இல்லை. எனக்கு அப்படி எழுத வராது என்பது உங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நான் கூடத்தை ஒட்டிய அறையில்தான் இருந்தேன். நீங்கள் அப்பாவிடம், "மோட்டாருக்கு நல்ல கேபிள் போடுங்க மாமா, ஷாக் அடிக்கப் போகுது" என்று சொன்னதுகூடக் கேட்டது. அவ்வளவு கோபத்திலும் அதைச் சொன்னீர்கள். நான் வெளியே வந்திருந்தால் அப்படியே உங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பேன். ஏறியிருந்தால் இந்தப் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். திருச்சிக்குப் போகும்போது நீங்கள் அதே சிரிப்போடு கையசைத்து அனுப்பியிருப்பீர்கள். அது எனக்குப் போதாது. அதனால்தான் வரவில்லை. நீங்கள் போன பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. அதுவும் உங்களுக்குத் தெரியட்டும்.

நீங்கள் தோற்பதைப் பார்க்க எனக்கென்ன ஆசை? உங்கள் தாளைப் பார்த்தேன். ஒரே ஒரு இடம்தான். இடப்பக்கம் முழுவதும் சரி. y³-க்கு 3y²·dy/dx என்று தயங்காமல் எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் அதை உங்களுக்கு எழுதத் தெரியாது. வலப்பக்கம் 6xy-ல் x, y இரண்டும் நகர்கின்றன. நீங்கள் y-ஐ நிறுத்திவைத்து x-ஐ மட்டும் நகர்த்தினீர்கள், அதனால் 6y. அடுத்து x-ஐ நிறுத்திவைத்து y-ஐ நகர்த்த வேண்டும்: 6x·dy/dx. இரண்டையும் கூட்டுங்கள். அவ்வளவுதான் விட்டுப்போனது.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். எனக்கு இந்தப் பாடம் எப்படி வந்தது என்று. பதினொன்றாம் வகுப்பு வரைக்கும் கணக்கு என்றால் y = என்று தொடங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு பக்கத்தில் y தனியாக நிற்க வேண்டும், மறுபக்கத்தில் மற்றதெல்லாம். அப்படி நிற்காத சமன்பாடு வந்தால் அது பரீட்சைக்கு வராது என்று தாண்டிவிடுவேன். இந்தப் பாடம் நடந்த அன்று, பிரிக்கவே முடியாத ஒன்றிடம் போய், இந்த இடத்தில் நீ ஏறுகிறாயா இறங்குகிறாயா என்று கேட்கலாம், அது பதில் சொல்லும் என்று தெரிந்தது. காரைக்காலிலிருந்து அம்பகரத்தூர் வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும். அன்றைக்குத்தான் நான் இதைத்தான் படிப்பேன் என்று முடிவு செய்தேன். திருச்சியில் நான் செய்யப் போவதும் இதன் தொடர்ச்சிதான். பிரித்தெடுக்க முடியாத சமன்பாடுகள், அவை போடுகிற வடிவங்கள். உங்கள் அண்ணன் கேட்டதற்குப் பதில் இதுதான். இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

(3, 3)-ஐ மறுபடி செய்து பாருங்கள். −1 வரும். அது வந்துவிட்டால் கடைசிக் கணக்கு இதோ:

xy = x + y.

இதன் dy/dx என்ன, அது என்ன சொல்கிறது. கஷ்டமான கணக்கு இல்லை. நீங்கள் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாவிட்டால் கொடுத்திருக்க மாட்டேன்.

அல்லி


கோவில்பத்து
11.7.2025

அன்புள்ள அல்லிக்கு,

−1 வந்துவிட்டது. வலப்பக்கம் 6y + 6x·dy/dx என்று எழுதியதும் மற்றதெல்லாம் தானாக வந்து விழுந்தது. (2y − x²)/(y² − 2x), அதில் மூன்றும் மூன்றும் போட்டால் −3/3. அலுவலகம் என்பதை மறந்து மேசையைத் தட்டிவிட்டேன். டைப்பிஸ்ட் எழுந்து வந்து பார்த்தார்.

நேற்று மாங்கனித் திருவிழாவுக்கு விடுமுறை. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது ஜனங்கள் மாடியிலிருந்து வீசியதில் ஒரு மாம்பழம் என் கையில் விழுந்தது. நீ இல்லாததால் நானே சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கடைசிக் கணக்கையும் போட்டுவிட்டேன்.

விடை: dy/dx = −y²/x².

செய்முறைத் தாள் இப்போது சித்திக்கா மேடத்திடம் இருக்கிறது. காலையில் காட்டினேன், படித்துப் பார்த்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், அதனால் விடையை மட்டும் அனுப்புகிறேன். விளக்கத்தைப் பின்னால் எழுதுகிறேன். எனக்குச் சந்தேகமே இல்லை. பெட்டியைக் கட்டு.

மாறன்


அம்பகரத்தூர்
14.7.2025

என்னங்க,

விடை தவறு.

xy-ல் இரண்டும் நகர்கின்றன, ஆகவே y + x·dy/dx. வலப்பக்கம் 1 + dy/dx. dy/dx உள்ளதை எல்லாம் ஒரு பக்கம் கொண்டுவந்தால் dy/dx = (1 − y)/(x − 1). வர்க்கம் வருவதற்கு இதில் வழியே இல்லை. இரண்டு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் சிவப்பு மையை எடுத்தேன். நீங்கள் சரியாகச் செய்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் செய்தேன்.

விடை மட்டும் இருக்கிறது, செய்முறை இல்லை. என் டியூஷன் பிள்ளைகள் இப்படிக் கொடுத்தால் யாரிடம் கேட்டாய் என்று கேட்பேன். உங்களிடமும் அதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மேடமோ புத்தகமோ போனோ, யார் கொடுத்த விடை இது? அவசரமாக முடித்துவிட்டு என்னை அழைத்துக்கொண்டு போனால் போதும் என்று நினைத்துவிட்டீர்களா?

இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க முடியாது. தவறைச் சரி என்று போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், நீங்கள் அன்று சொன்னதுபோல இது வெறும் எக்ஸும் ஒய்யும்தான் என்று ஆகிவிடும். இங்கிருந்தே புறப்படுவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அல்லி


கோவில்பத்து
17.7.2025

அல்லி,

இதைத் தபாலில் போடவில்லை. அம்பகரத்தூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

என் விடை சரி. செய்முறை இதோ, என் கையெழுத்தில். xy = x + y என்பதைப் பார்த்ததும் இருபுறமும் xy-ஆல் வகுத்தேன். வட்டிக் கணக்கும் பங்குக் கணக்கும் போட்டுப் பழகியவனுக்கு அதுதான் முதலில் தோன்றியது. 1/x + 1/y = 1 என்று ஆகிறது. 1/x-ஐ வகையிட்டால் −1/x². 1/y-ல் வெளியே 1/ என்பது, உள்ளே y. நீ சொல்லிக் கொடுத்த சங்கிலி விதிப்படி −1/y² பெருக்கல் dy/dx. இரண்டும் சேர்ந்து பூச்சியம். dy/dx = −y²/x². யாரிடமும் கேட்கவில்லை. மேடம் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னது ஒன்றுதான். "உம் பொஞ்சாதி வேற வழியில போட்டிருப்பா. ரெண்டையும் நம்பர் போட்டுப் பாரு."

உன் கடிதம் வந்ததும் போட்டுப் பார்த்தேன். (2, 2): உன் விடை −1, என் விடை −1. (3, 3/2): உன் விடை −1/4, என்னுடையதும் −1/4. இரண்டு புள்ளியில் ஒத்துப்போனால் போதாது என்று நீ சொல்வாய். அதனால் இதையும் பார். xy = x + y என்பதிலிருந்து x(y − 1) = y, ஆகவே y − 1 என்பது y/x. அதேபோல x − 1 என்பது x/y. உன் (1 − y)/(x − 1)-ல் இவற்றைப் போட்டால் −(y/x) ÷ (x/y). அது −y²/x². இரண்டும் ஒரே விடைதான், அல்லி. எழுத்தில்தான் வேறாகத் தெரிகிறது. இந்தச் சமன்பாடு போடும் வளைவரையின் மேல் நிற்கும்வரை இரண்டும் ஒன்று.

விடை என்ன சொல்கிறது என்று கேட்டாயே. நம் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள். அதை நிரப்ப இரண்டு குழாய்கள். முதல் குழாய் மட்டும் திறந்தால் x மணி நேரம், இரண்டாவது மட்டும் திறந்தால் y மணி நேரம். இரண்டையும் திறந்தால் ஒரு மணி நேரத்தில் நிரம்ப வேண்டும். 1/x + 1/y = 1 என்பது அதுதான். முதல் குழாய் மந்தமானால், அதாவது x கூடினால், y குறைந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் தொட்டி நிரம்பாது. என் விடையில் இரண்டு வர்க்கம், முன்னால் ஒரு கழித்தல் குறி. எந்த இடத்திலும் இறக்கம்தான் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. உன் விடையில் அது அவ்வளவு சீக்கிரம் தெரியாது. இரண்டு குழாயும் இரண்டிரண்டு மணி நேரக் குழாய் என்றால், ஒன்று எவ்வளவு மந்தமாகிறதோ ஏறக்குறைய அவ்வளவு மற்றது வேகமாக வேண்டும், அதுதான் −1. முதலாவது மூன்று மணி நேரக் குழாயாகவே இருந்தால், அது இன்னும் கொஞ்சம் மந்தமானாலும் மற்றது அதில் கால்வாசி ஈடுகட்டினால் போதும்; அது −1/4. இதை நான் எங்கேயும் படிக்கவில்லை. தொட்டி நிரம்புகிறதா என்று பார்க்க மாடியில் நின்றபோது தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். "அல்லிக்கு எக்ஸு கெடைச்சிருச்சாடா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. "அவ தேடுறது அது இல்லண்ணே. பிரிச்சு எடுக்க முடியாத கணக்கு எப்படி நடந்துக்கும்னு பாக்குறா. அன்னிக்கு எனக்கே தெரியாம பேசிட்டேன்" என்றேன். அவருக்கு முழுதாகப் புரிந்திருக்காது. ஆனால் மேலே கேட்டார். வட்டம் போட்டுக் காட்டினேன். அண்ணியும் வந்து உட்கார்ந்தார்.

யாரிடம் கேட்டாய் என்று கேட்டது எனக்கு வலித்தது. அதையும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாறன்


அம்பகரத்தூர்
20.7.2025

என்னங்க,

உங்கள் விடை சரி. என் சிவப்பு மைதான் தவறு. யாரிடம் கேட்டீர்கள் என்று கேட்டது அதைவிடப் பெரிய தவறு. அந்த வரியைத் திரும்பப் படிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

எத்தனை வருடமாகப் பாடம் நடத்துகிறேன். வேறு வழியில் வந்த விடையைச் சரிபார்க்காமல் அடிக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்பவள் நான். நீங்கள் செய்திருப்பீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு அரைகுறையாகத்தான் இருந்திருக்கிறது. கடிதத்தில் மட்டும் முழுசாக எழுதிவிட்டேன்.

குழாய்க் கணக்கைப் படித்துவிட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா என்னோடு பேசத் தொடங்கிவிட்டார். "இம்புட்டு தெரிஞ்ச மனுசனயா வெளியில ஒக்கார வெச்ச?" என்றார். குறைவது பார்த்தவுடன் தெரிகிறது என்றீர்கள், அதைத் திருச்சியில் யாராவது கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லித்தான் சொல்வேன்.

ஆனால் ஒன்று, மாறன். xy-ஆல் வகுத்தபோது ஒரு புள்ளியைத் தொலைத்துவிட்டீர்கள். x-ம் y-ம் பூச்சியமாக இருந்தாலும் xy = x + y சரிதானே? வளைவரை அந்த இடத்தின் வழியாகவும் போகிறது. அங்கே வகுக்க முடியாது. உங்கள் விடை அங்கே 0/0 என்று திணறும். என் விடை −1 என்று சொல்லும். உங்கள் தொட்டிக்கு அந்தப் புள்ளி தேவையில்லை, பூச்சிய நேரத்தில் எந்தக் குழாயும் நிரப்பாது. வளைவரைக்குத் தேவை. ஆக இரண்டு விடையையும் வைத்துக்கொள்வோம்.

வியாழக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். கோவில்பத்து நிறுத்தத்தில் நில்லுங்கள். பெட்டி பெரியது, அப்பா முறுக்கு வேறு கட்டிக் கொடுக்கிறார். ஞாயிறு காலை ரயிலில் நம் வீட்டிலிருந்து திருச்சிக்குப் புறப்படுகிறேன். வார விடுமுறைகளில் வருவேன். சில வாரம் வர முடியாது, அப்போது நீங்கள் வர வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு லீவு போடுங்கள். நான் திருச்சியில் எடுத்துக்கொள்ளப் போகும் கேள்வியை உங்களிடம் சொல்ல வேண்டும். ஒரு நாள் முழுவதும் ஆகும். எனக்கே அது இன்னும் பாதிதான் புரிந்திருக்கிறது. உட்கார்ந்து பார்ப்போம்.

அல்லி


கோவில்பத்து
22.7.2025

அல்லி,

லீவு கிடைத்துவிட்டது. காரணம் என்று இருக்கும் இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துவிட்டு, 'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுத்தேன். சித்திக்கா மேடம் அதை அடித்துவிட்டு 'படிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாறன்